உபதேசியாரின் ‘ஆர்’

எங்கள் ஊருக்கு வந்து யாரிடம் வழி கேட்டாலும் மூன்று அடையாளங்களில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கோயில் மணிக்கூண்டு, ஊர்க்கிணறு, உபதேசியார் வீடு. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியும் பனையுமாக இருக்கும் பக்கம் அது. அங்கே கோயில் என்றால் சி.எஸ்.ஐ. கோயில். உபதேசியார் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறுவார். பழையவருடைய கட்டிலும் அண்டாவும் வண்டியேறும். புதியவருடைய கட்டிலும் அண்டாவும் வந்திறங்கும். ஆள் மாறினாலும் வீட்டின் பெயர் மாறாது.

சொற்களைக் கிளறிப் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெயரின் வால்தான். ‘ஆர்’ என்பது தமிழில் வினோதமான விகுதி. பிறர் நமக்குத் தரலாம். நாமே எடுத்துச் சூடிக்கொள்ள முடியாது. ‘என் தகப்பனார்’ என்று மகன் சொல்வான். ‘நான் இவனுடைய தகப்பனார்’ என்று தகப்பன் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். வாத்தியார், மாமனார் போன்ற சில சொற்களில் இந்த ‘ஆர்’ உறைந்துபோய்விட்டது உண்மை. ‘நான் வாத்தியார்’ என்று ஒருவர் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் உபதேசியாரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்த அத்தனை பேரும் வெளியாளிடம் தங்களை ‘நான் இந்த ஊரு உபதேசி’ என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். கோயில் பதிவேட்டிலும் கையெழுத்துக்குக் கீழே ‘உபதேசி’. ‘ஆர்’ சேர்த்தது ஊர். சம்பளப் பட்டியலில் கடைசிக்கு முந்தின வரியில் இருந்த ஒருவருக்கு, பனையேறியும் பதநீர் காய்ச்சியும் பிழைத்த சனங்கள் தங்கள் கையிலிருந்து கொடுத்த மரியாதை அது.

சரி, ‘உபதேசி’ எங்கிருந்து வந்தது? வடசொல். ‘திச்’ என்ற வேர். சுட்டிக் காட்டுதல் அதன் பொருள். திசை அந்த வேரில் பிறந்தது. தேசம், உத்தேசம், ஆதேசம் எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். சைவ மடத்துத் தேசிகர்களும், வைணவத்தில் வேதாந்த தேசிகரும், வழிகாட்டி என்ற பொருளில் அதே வேரைப் பெயராகத் தாங்கியவர்கள். கிரேக்கத்திலும் லத்தீனிலும் இந்த வேருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. லத்தீனில் சுட்டுவிரலுக்குப் பெயரான ‘இண்டெக்ஸ்’ அவற்றில் ஒன்று. ஆக உபதேசியின் குடும்பத்தில் ஒரு விரல் நீண்டிருக்கிறது.

முன்னால் நிற்கும் ‘உப’வுக்கு இரண்டு குணம். ஒன்று, அருகில். உபவாசம் என்றால் வேரின்படி அருகில் வசித்தல்; சோற்றைத் தள்ளிவைத்தல் அதற்கு அப்புறம் வந்து ஒட்டிய பொருள். நம் சபைகளில் ‘உபவாச ஜெபம்’ என்று வெள்ளிக்கிழமைதோறும் நோட்டீஸ் ஒட்டுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! மற்றது, துணையானது, சிறியது. உபநதி, உபகதை, உபதலைவர். உபதேசி என்ற சொல்லில் இந்த இரண்டும் தமிழ்க் காதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. பக்கத்தில் நின்று காட்டுகிறவர். தான் பெரிய ஆறு இல்லை, பெரிய ஆற்றில் போய்ச் சேரும் ஓடை.

தேவாலயத்துக்கு வருமுன்னே இந்தச் சொல் தமிழில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டது. மந்திரோபதேசம் என்றால் குரு சீடனின் காதருகே குனிந்து சொல்வது. சுவாமிமலைக் கதையில் மகன் உபதேசிக்கிறான், தகப்பன் கைகட்டிக் கேட்கிறான். முருகனுக்குத் தகப்பன்சாமி என்ற பெயரே அதனால் வந்தது. சொல்லித்தருபவன் பெரியவனாகத்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இந்தச் சொல்லுக்கு அன்றே இல்லை. நாம் பேச்சுத் தமிழில் அதைக் கெடுத்தும் வைத்திருக்கிறோம். ‘உபதேசம் பண்ண வந்துட்டான்’ என்றால் வசவு. ‘ஊருக்கு உபதேசம்’ என்றால் அதற்கு மேல் சொல்லவே வேண்டாம்.

கிறிஸ்தவத்துக்குள் இந்தப் பெயர் வந்த வழி நேர்வழி அல்ல. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்குச் சொல்லித்தர ஆளில்லை. சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து ஜெபங்களை மொழிபெயர்த்து, மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருவில் பிள்ளைகளைக் கூட்டி, தான் பாடம் பண்ணியதை அவர்களைத் திருப்பிச் சொல்லவைத்தார். ஒவ்வொரு கரையோர ஊரிலும் தனக்குப் பிறகு அதைத் தொடர ஒருவரை நியமித்தார். அவர்களை அவருடைய கடிதங்கள் குறிப்பிடும் பெயர் கணக்கப்பிள்ளை. போர்ச்சுகீசிய நாக்கில் உருண்டு அடையாளம் தெரியாமல் ஆகிவிட்ட கணக்கப்பிள்ளை. அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கிடைத்த பணம், அந்தக் கரையின் வருமானத்திலிருந்து போர்ச்சுகல் ராணியின் காலணிச் செலவுக்கு என்று ஒதுக்கியிருந்தது. ராணியின் செருப்புக் காசில் சம்பளம் வாங்கியவர்கள்தாம் தமிழ்நாட்டின் முதல் உபதேசியார்கள்.

சவேரியாரைப் பற்றி எல்லோரும் சொல்லும் அற்புதங்களைவிட, அவர் எழுதிய ஒரு திருத்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1544இல் தன்னோடு பணிசெய்த பிரான்சிஸ்கோ மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் ஒரு பிழையைச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவாசம்’ வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டோம். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றல்லவா பொருள், இனிமேல் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள் என்று எழுதுகிறார். எத்தனை ஊரில், எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள் கடற்கரையில் நின்று ஒருமித்த குரலில் ‘வேணும்’ என்று சொல்லியிருப்பார்கள்! கற்பித்தவருக்கே தான் கற்பித்தது இன்னதென்று முழுக்கத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்த அன்று மறைக்காமல், தன்னைவிடத் தகுதியில் குறைந்த உடனூழியருக்கு எழுதித் திருத்தச் சொல்கிறார். அந்தப் பிழையான மணல்மேல்தான் மணப்பாடும் புன்னைக்காயலும் நானூற்றைம்பது ஆண்டுக்கு மேல் நிற்கின்றன. இதில் யாருடைய திறமை எவ்வளவு என்று கணக்குப் பார்க்கக் கணக்கப்பிள்ளையாலும் முடியாது.

அதன்பின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, தமிழ் எழுத்தில் அச்சான முதல் இந்தியப் புத்தகம் என்று நாம் பெருமைப்படும் அந்தப் பதினாறு பக்கம், அடிப்படையில் உபதேசப் புத்தகம்தான். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி தன்னைத் தத்துவ போதகர் என்று அழைத்துக்கொண்டார். அவருடைய பெருநூலின் பெயர் ‘ஞானோபதேசம்’. வீரமாமுனிவர் ஒரு படி மேலே போனார். உபதேசியார்களுக்காக 1727இல் அவர் எழுதிய கைநூலுக்கு ‘வேதியர் ஒழுக்கம்’ என்று பெயர் வைத்தார். வேதியர் என்றால் அன்றைய தமிழனுக்கு மறையோதும் அந்தணர். ஊர் ஊராய் நடந்து, நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, சாகப்போகிற குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றிப் பெயர்வைக்கிற ஒரு சாதாரண மனிதருக்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது முனிவரின் துணிச்சல். கத்தோலிக்க ஊர்களில் ‘வேதியர்’ இன்றும் வழங்குகிறது. கோயில்பிள்ளை என்ற பெயரும் உண்டு; அது திருநெல்வேலிப் பக்கம் ஆட்பெயராகவே ஆகிவிட்டது.

சீர்திருத்த சபைகளில், தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் பாளையங்கோட்டையிலும், வேரூன்றிய பெயர் உபதேசியார். அங்கே அது ஒரு படிக்கட்டின் கீழ்ப்படி. மேல்படியில் ஐயர், அதாவது குருப்பட்டம் பெற்ற போதகர். உபதேசியாராக உழைத்தவர் என்றாவது ஐயராகலாம்; 1733இல் ஆரோன் அப்படி முதல் தமிழ் ஐயரானார். ஆகாதவர்களே அதிகம். அவர்களில் ஒருவரைச் சொல்லாமல் இந்தச் சொல்லின் கதை முழுமையாகாது.

ராஜநாயக்கன் தஞ்சை அரசரின் படையில் சிப்பாய். பிறப்பால் கத்தோலிக்கர், பறையர் குலம். தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் பகுதி ஒன்று கையில் கிடைக்க, அதைப் படித்துப் படித்துத் தரங்கம்பாடிக்காரர்களைத் தேடிப்போனார். படையை விட்டு உபதேசியாரானார். தஞ்சை நாட்டுக்குள் வெள்ளைக்காரப் போதகர்கள் எளிதில் நுழைய முடியாதிருந்த காலத்தில், அங்கே சபையைத் தாங்கியவர் அவர்தான். 1741இல் இரண்டாவது தமிழ் ஐயரைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு வந்தபோது அவர் பெயரும் எழுந்தது. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக்காரர்கள் ஒப்பமாட்டார்கள் என்ற தயக்கமும் கூடவே எழுந்தது. பட்டம் தியோகுவுக்குப் போயிற்று. ராஜநாயக்கன் உபதேசியாராகவே தொடர்ந்தார். 1771இல் உபதேசியாராகவே இறந்தார். ஏறத்தாழ நாற்பது வருஷம். இதைத் தாழ்மை என்று பாராட்டிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. ஒருவர்மேல் மற்றவர்கள் சுமத்தும் தாழ்வுக்குத் தாழ்மை என்று பெயர் வைப்பது சபை நெடுநாளாகச் செய்துவரும் கள்ளக்கணக்கு. அவர் செய்த வேலை மட்டும் வேறு ஏட்டில் ஏறியிருக்கிறது.

இனி, மேல்நாட்டார் இந்த வேலைக்கு வைத்திருந்த பெயருக்கு வருவோம். போர்ச்சுகீசியரிடமிருந்து பாதிரியையும் மேசையையும் அலமாரியையும் சாவியையும் வாங்கிக்கொண்ட தமிழ், அவர்களுடைய ‘கத்தெக்கிஸ்தா’வை மட்டும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் ஓர் அழகான பொருள் கூடவே வந்திருக்கும். கிரேக்க வினைச்சொல் ‘கத்தேக்கெயோ’. ‘கத்தா’ என்றால் கீழ்நோக்கி. ‘ஏக்கோ’ என்றால் ஒலி. ஆங்கிலம் வழியாக நாம் ‘எக்கோ’ என்று சொல்லும் எதிரொலி அதுதான். காதுக்குள் ஒலியை இறக்குவது என்பது வேர்ப்பொருள்; வாயால் சொல்லி, கேட்டவரைத் திரும்பச் சொல்லவைக்கும் பழைய பள்ளிமுறை அதில் பதிந்திருக்கிறது. அந்தக் கணக்கில் உபதேசியார் எதிரொலிக்காரர். எங்கள் குற்றாலத்துப் பாறைகளுக்கும் அந்த வேலை உண்டு. பாறை தானாக ஒன்றும் சொல்வதில்லை.

புதிய ஏற்பாட்டில் இந்த வினைச்சொல் வருகிற இடங்கள் ஏழு வசனங்கள் மட்டுமே. அவற்றில் இரண்டை இங்கே எடுக்கிறேன். ரோமர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணத்தில் உபதேசிக்கப்பட்டவன் என்ற தெம்பில் தன்னைக் குருடருக்கு வழிகாட்டி என்று எண்ணிக்கொள்ளும் ஒருவனைப் பவுல் பிடித்துக் கேட்கிறார்: பிறருக்குச் சொல்லித்தரும் நீ உனக்குச் சொல்லிக்கொண்டதுண்டா? நம்மூர் ‘ஊருக்கு உபதேசம்’ அப்படியே அங்கே இருக்கிறது.

இன்னொன்று அப்போஸ்தலர் நடபடிகளின் பதினெட்டாம் அதிகாரம். அலெக்சந்திரியாவிலிருந்து அப்பொல்லோ என்ற பேச்சாளன் எபேசுவுக்கு வருகிறான். படித்தவன், வேதத்தில் வல்லவன், கர்த்தருடைய வழியில் உபதேசிக்கப்பட்டவன். இங்கேதான் அந்த வினைச்சொல். ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசுகிறான். கூட்டத்தில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் உட்கார்ந்திருக்கிறார்கள். கூடாரம் தைக்கிற தம்பதி. அவன் பேச்சில் குறை இருப்பது அவர்களுக்குத் தெரிகிறது: யோவானின் ஞானஸ்நானத்துக்கு அப்பால் நடந்தது அவனுக்குத் தெரியாது. சபையில் எழுந்து திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு, இன்னும் திட்டமாக விளக்கிக் காட்டுகிறார்கள். அவர்கள் எத்தனை மாலை அவனோடு உட்கார்ந்தார்கள், பிரிஸ்கில்லாள் கையில் ஊசி இருந்ததா என்றெல்லாம் லூக்கா எழுதவில்லை. அந்த வீட்டில் தோலும் நூலும் கிடந்திருக்கும் என்று மட்டும் நாம் ஊகித்துக்கொள்ளலாம். பெரிய பேச்சாளன் ஒருவன் தையல்காரர் வீட்டில் உட்கார்ந்து கேட்டான். கேட்டுக்கொண்டு கொரிந்து இருக்கும் அக்காயா நாட்டுக்குப் போனான். அங்கே பவுல் நட்டதற்கு அவன் தண்ணீர் பாய்ச்சினான். சிலர் அவனைப் பவுலுக்கு எதிரே தலைவனாக்கிக் கட்சி கட்டினார்கள். பவுல் அதற்கு எழுதிய பதிலில் நட்டவனுக்கும் ஒன்றுமில்லை, பாய்ச்சினவனுக்கும் ஒன்றுமில்லை, விளையச் செய்தவர் தேவன் என்று முடித்துவிட்டார். தையல்காரர்களை யாரும் கட்சித் தலைவராக்கவில்லை. அருகில் இருத்தல், சுட்டிக் காட்டுதல். ‘உப’வும் ‘திச்’சும் அந்த வீட்டில்தான் எனக்கு விளங்கின.

எங்கள் ஊருக்குத் திரும்பலாம். நான் திடப்படுத்தல் வகுப்பில் இருந்த வருஷம் உபதேசியாராக இருந்தவர் மெலிந்த, சற்றே கூனிய மனிதர். வெள்ளை வேட்டி, கை மடித்த சட்டை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. ராத்திரி ஜெபம் முடிந்தபின் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வினாவிடை ஒப்பிப்போம். ஒருநாள் எங்களில் ஒரு பையன் கேட்டான்: “உபதேசியாரே, எங்க தாத்தா ஞானஸ்நானம் வாங்கல. செத்துப்போனாரு. அவரு இப்ப எங்க இருப்பாரு?”

வினாவிடையில் இதற்கு விடை இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். “எனக்குத் தெரியாதுடே. ஐயரு அடுத்த ஞாயித்துக்கெழம வருவாக. கேட்டுச் சொல்லுதேன்.”

ஒரு வாரம் போயிற்று. நாங்கள் மறந்துவிட்டோம். அவர் மறக்கவில்லை. வகுப்பு தொடங்குமுன் அந்தப் பையனைப் பார்த்துச் சொன்னார்: “ஐயருகிட்ட கேட்டேன். அவுக ஒரு விளக்கம் சொன்னாக. எனக்கு அது முழுசாப் பிடிபடல, அதனால ஒங்கிட்டச் சொல்லல. ஒங்க தாத்தாவ உண்டாக்குனவருக்கு ஒங்க தாத்தாவத் தெரியும்லா? அவரு பாத்துக்கிடுவாரு. நீ படி.”

இறையியல் கல்லூரியில் இந்தப் பதிலுக்கு எவ்வளவு மதிப்பெண் விழும் என்று தெரியாது. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இன்றும் அந்த ராத்திரியைச் சொல்கிறான். வகுப்பில் அவர் ஒப்பிக்கவைத்த நூறு விடைகளில் அவனுக்கு எத்தனை நினைவிருக்கிறது என்று நான் சோதித்ததில்லை.

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. நீல அட்டை, எண்பது பக்கம். ஒவ்வொரு வருஷமும் திடப்படுத்தல் எடுத்தவர்களின் பெயர், எதிரே அவர்கள் இப்போது இருக்கும் இடம்: தூத்துக்குடி, மெட்ராஸ், பம்பாய் தாராவி, ‘மிலிட்டரி’. சில பெயருக்கு எதிரே ‘கோயிலுக்கு வருவதில்லை’ என்று இருக்கும். விடியற்காலை முதல் மணி அடிக்கப் போகும் என் அண்ணன், கோயில் திண்ணையில் அவர் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பெயர் பெயராக முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறான். அதில் யார் பெயரும் அடிக்கப்பட்டிருக்கவில்லை. பலர் அவர் இருந்த ஊர்களிலிருந்து போனவர்கள். அவர் திரும்பப் பார்க்கவே போகாதவர்கள். எங்கள் பக்கம் ஒரு பழமொழி உண்டு: தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான். அந்த மனிதருக்குப் பார்க்கவும் கொடுத்துவைக்கவில்லை. மாற்றல் வண்டியில் பெட்டி ஏறும்போது, நோட்டில் எங்கள் ஊர்ப் பக்கங்களை மட்டும் பிரித்துத் தைத்துப் புதிய உபதேசியாரிடம் கொடுத்தார்.

பல வருஷம் கழித்து நகரத்துச் சபை ஒன்றில் வாலிபருக்கு வகுப்பு எடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் நோட்டு வைத்துக்கொள்ளவில்லை, வாட்ஸ்அப் இருந்தது. ஒரு தம்பிக்கு நாள் தவறாமல் காலையில் வசனம் அனுப்புவேன், ராத்திரி ‘வாசிச்சாச்சா?’ என்று கேட்பேன். அவன் மேடையில் சாட்சி சொன்னபோது முன்வரிசையில் உட்கார்ந்து என் முகம் மலர்ந்ததை யாரோ படமே எடுத்தார்கள். ஆறேழு மாதத்தில் அவன் பதில் நின்றது. பிறகு எண்ணே மாறிவிட்டது. நான் கோபப்பட்டேன், பிறகு என்னை நொந்துகொண்டேன். இரண்டுமே ஒரே ஆணவம் என்று புரிய நாளாயிற்று. அவன் வளர்ந்தால் என் வரவு, வாடினால் என் செலவு என்று நானே ஒரு கணக்கு எழுதிவைத்திருந்தேன். இரண்டு வருஷம் கழித்து வேறொரு ஊரில் வேறொரு சபையின் ஞாயிறு பள்ளியில் அவன் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறான் என்று கேள்விப்பட்டேன். யார் பாய்ச்சினார்களோ.

இப்போது இந்தச் சொல்லின் பக்கத்து வீட்டுச் சொல்லைப் பார்க்கவேண்டும்: ஊழியம். இது தமிழில் தாழ்ந்த சொல்லாகத்தான் புறப்பட்டது. திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. கோயிலுக்கும் அரண்மனைக்கும் அதிகாரி வீட்டுக்கும் ஓலை சுமப்பது, வேலி கட்டுவது, பாரம் தூக்குவது. மறுத்தால் அடி. அங்கே புதிதாகக் கிறிஸ்தவர்களான ஏழைகள் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குப் பெறவே பிரிட்டிஷ் ரெசிடெண்ட் கர்னல் மன்றோவின் காலம் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அப்படிப்பட்ட சொல்லை வேதமொழிபெயர்ப்பாளர்கள் எடுத்துப் பவுலுடைய வேலைக்கும் பேதுருவுடைய வேலைக்கும் பெயராக வைத்தார்கள். சரியான தேர்வு, கிரேக்க மூலத்திலும் பந்தி பரிமாறுகிறவனின் சொல்தான் இருந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. உயரத்தில் பிறந்த உபதேசம், குருபீடத்தின் சொல், எங்கள் தேரிக்காட்டில் இறங்கிவந்து பிடியரிசிக் காணிக்கையில் பங்கு வாங்கிப் பிழைக்கும் ஒருவருக்குப் பெயராயிற்று. தரையில் பிறந்த ஊழியம் ஏறிக்கொண்டே போயிற்று. இன்று ‘தேவ ஊழியர்’ என்றால் நாற்பதடி ஃப்ளெக்ஸ். அதற்கும் மேலே ஒரு புதுப்பெயர் வந்திருக்கிறது: ‘ஆவிக்குரிய தகப்பன்’. ‘எனக்கு ஆவிக்குரிய பிள்ளைகள் இத்தனை பேர்’ என்று ஒருவர் மேடையில் எண்ணிக்கை சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். பவுலும் தன்னைக் கொரிந்தியருக்குத் தகப்பன் என்று சொன்னதுண்டு, உண்மைதான். ஆனால் மத்தேயு இருபத்துமூன்றில் இயேசு மூன்று பட்டங்களை வரிசையாக விலக்குகிறார்: ரபீ, பிதா, மூன்றாவதாக வழிநடத்துபவனைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல். அந்த மூன்றாவதற்கு நம் பழைய தமிழ் வேதாகமம் போட்டிருக்கும் சொல் ‘குரு’. அதை ஞாயிறு காலையில் வாசிப்பவரை நாம் ‘குருவானவர்’ என்கிறோம். சிரிக்க வேண்டாம், நானும் அப்படித்தான் அழைக்கிறேன். மரியாதைச் சொல் இல்லாமல் தமிழன் வாய்திறக்க மாட்டான். மற்றவர் கொடுக்கும் ‘ஆர்’ வேறு, தானே அச்சடித்துக்கொள்ளும் ‘ஆர்’ வேறு என்ற அளவுக்காவது நமக்கு இலக்கணம் தெரிந்திருக்கவேண்டும்.

எங்கள் பக்கத்தில் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு அந்த இலக்கணம் தெரிந்திருந்தது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளைப் பார்த்து, உங்கள் தியாகத்துக்கு நன்றி, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டவர். அந்தச் சபையில் அது அன்று பலருக்குக் கசந்தது. தோர்ணக்கல்லில் ஆயரானபின் அவர் கொண்டுவந்த ஒரு வழக்கம் உண்டு. ஞானஸ்நானம் பெறுகிறவர்கள், தலை ஈரம் காயுமுன், தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்ற பவுலின் வார்த்தையைச் சொல்லவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள். நேற்றுவரை கேட்டவர்கள் இன்று உபதேசிகள். அவர்கள் தப்பும் தவறுமாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் ஆயருக்கு இருந்திருக்காதா? இருந்திருக்கும். ‘வேணும்’ என்று ஒப்பித்த கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத ஊர்க்காரர் அவர்.

உபதேசியார் என்ற பெயர் இப்போது ஆவணங்களிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது. அதே வேலைக்கு எங்கள் பக்கம் இன்றைய பெயர் ‘சபை ஊழியர்’. கத்தோலிக்கர் ‘மறைக்கல்வி ஆசிரியர்’ என்கிறார்கள். நகரத்து இளைஞர்கள் ‘மென்டர்’ என்கிறார்கள். அது ஹோமரின் காவியத்தில் ஒடிசியூஸ் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்த நண்பரின் பெயர், அதிலும் பாதி நேரம் அந்த வேடத்தில் பேசுவது அத்தீனா தேவதை. அந்தப் பெயரை எடுத்தவர்கள் அதையாவது யோசித்தார்களா தெரியவில்லை. ஊர்வாயில் மட்டும் இன்னும் உபதேசியார்தான்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது அந்த நீல அட்டை நோட்டின் பக்கங்களைத் தேடினேன். உபதேசியார் வீட்டுப் பரணில், கிறிஸ்துமஸ் நட்சத்திரக் குச்சிகளுக்கு அடியில் இருந்தன. கரையான் முக்கால்வாசியைத் தின்றிருந்தது. என் வகுப்புக்காரர்கள் பெயரில் நான்கு மிஞ்சியிருந்தன. உபதேசியார்கள் எழுதிய நாட்குறிப்புகளும் நோட்டுகளும் இன்னும் பல ஊர்ப் பரண்களில் கிடக்கின்றன. உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒன்று இருந்தால் இந்த மழைக்கு முன் இறக்குங்கள். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிட்டு, அதில் உள்ள பெயர்களை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள்.